இடக்கை படைத்த இசை: ஹார்லெமின் ஸ்ட்ரைட் பியானோ

ஜாஸ் வரலாற்று நூல்களில் ஸ்ட்ரைட் பியானோவுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது சில பக்கங்கள்தாம். ராக்டைம் அத்தியாயம் முடிந்து ஸ்விங் அத்தியாயம் தொடங்கும் இடைவெளியில், 1910களின் பிற்பகுதி முதல் 1930கள் வரை, நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பினப் பியானோக் கலைஞர்கள் சிலர் அதிவேகமாகவும் ஆரவாரமாகவும் வாசித்தார்கள். அவர்களிடம் பாடம் கேட்டு டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, ஆர்ட் டேட்டம் ஆகியோர் அதைவிடப் பெரிய இசையைப் படைத்தார்கள் என்று சொல்லி அந்தப் பக்கங்கள் முடிந்துவிடும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு தகவலும் சரிதான். சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் சித்திரம்தான் சரியில்லை. ஒரு கலையைப் பாலம் என்று அழைத்துவிட்டால் அதன் இரு கரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். அது தன்னளவில் எதைச் சாதித்தது என்ற கேள்வி எழாமலே போய்விடும். ஸ்ட்ரைட் கலைஞர்கள் செய்த அடிப்படையான காரியம் ஒன்று உண்டு. அதுவரை தாளத்தைக் காப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டிருந்த இடக்கையை, தாளத்தோடு வாதாடவும் வல்ல கையாக அவர்கள் மாற்றினார்கள். ராக்டைமிலிருந்து ஸ்ட்ரைட் பிரியும் இடமும், பிறகு வந்த ஜாஸுக்கு அது விட்டுச்சென்ற கொடையும் இந்த மாற்றத்தில்தான் இருக்கின்றன. இது இத்தனை காலம் போதிய கவனம் பெறாததற்கு, நம்மிடம் எஞ்சியிருக்கும் ஒலிச்சான்றுகளின் தன்மை ஒரு பெரிய காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கைவேலையைப் பார்த்துவிடலாம். ஒரு பாருக்கு நான்கு அடி என்று வைத்துக்கொண்டால், முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் இடக்கை கீழ் ஸ்தாயிக்குப் போய் ஒரு தனி ஸ்வரத்தையோ, ஓர் ஆக்டேவையோ, கை அகலம் உள்ளவர்களானால் பத்து வெள்ளைக் கட்டைகள் விரிந்த ஒரு பிடியையோ வாசிக்கும். இரண்டாம், நான்காம் அடிகளில் அதே கை பியானோவின் நடுப்பகுதிக்குத் தாவி ஒரு முழுக் கார்டை அடிக்கும். இன்றைய பியானோவில் ஓர் ஆக்டேவின் தூரம் ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர். ஸ்ட்ரைட் தாவல் ஒன்றரை முதல் இரண்டு ஆக்டேவ் வரை நீளும். அதாவது கை ஒரு தடவைக்கு 25 முதல் 33 சென்டிமீட்டர் வரை பக்கவாட்டில் பறந்து குறி தப்பாமல் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 200 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் கிடைக்கும் நேரம் 0.3 நொடி. அந்த நேரத்துக்குள் வலக்கை வேறொரு கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதால், இடக்கையைக் கண்ணால் பார்த்து வழிநடத்த வழியில்லை. இந்தப் பாணியின் தந்தை எனப்படும் ஜேம்ஸ் பி. ஜான்சன், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாதகம் செய்ததையும், கட்டைகளின்மேல் துணியை விரித்துப் போட்டு அதன்மேல் கடினமான உருப்படிகளை வாசித்துப் பழகியதையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். டிரம், பேஸ் இரண்டும் இல்லாத அறையில் ஒரே ஆள் நடனத்துக்கு வாசிக்கும்போது, கீழே விழும் ஸ்வரம் பேஸின் வேலையையும் நடுவில் விழும் கார்டு டிரம்மின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

கீழே ஒரு ஸ்வரம், நடுவில் ஒரு கார்டு என்ற இந்த அமைப்பு ஸ்ட்ரைட்டின் கண்டுபிடிப்பு இல்லை. அணிவகுப்பு இசையிலிருந்து ராக்டைம் அதை எடுத்துக்கொண்டது. ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சானபோதே அது அங்கே இருந்தது. அப்படியானால் ஸ்ட்ரைட் என்பது வேகமாக வாசிக்கப்பட்ட ராக்டைம்தானே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். வேகம் ஒரு வித்தியாசம்தான்: தன் உருப்படிகளை வேகமாக வாசிக்க வேண்டாம் என்று ஜாப்ளின் அச்சுப் பிரதிகளிலேயே எச்சரித்தார், ஹார்லெம்காரர்கள் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. ராக்டைம் பாருக்கு இரண்டு கனமான அடிகளில் நடக்கும். ஸ்ட்ரைட் நான்கையும் ஏறக்குறையச் சமமாக உணர்த்தும். ராக்டைமில் சமமாகப் பிரிக்கப்பட்ட துணை அடிகள் ஸ்ட்ரைட்டில் நெடில்-குறிலாகச் சாய்ந்து விழும். இவற்றையெல்லாம்விட ஆழமான வித்தியாசம் ஒன்று உண்டு. ராக்டைமில் இரு கைகளுக்கும் நிரந்தரமான வேலைப்பிரிவினை இருக்கிறது. இடக்கை சட்டத்தைக் காக்கும், வலக்கை அதை மீறும். வலக்கையின் மீறல் ருசிப்பதே இடக்கை அசையாமல் இருப்பதால்தான். ஸ்ட்ரைட்டில் அந்தப் பிரிவினை குலைகிறது. எந்தக் கணத்திலும் இடக்கையும் மீறலாம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஜான்சனின் 'கரோலைனா ஷவுட்'. 1918இல் பியானோ ரோலாகவும் (தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்), 1921இல் மறுபடி ரோலாகவும், அதே ஆண்டு அக்டோபரில் ஓகே நிறுவனத்தின் இசைத்தட்டாகவும் வெளிவந்த உருப்படி இது. அதன் முதல் பகுதியிலேயே இடக்கை, ஸ்வரம்-கார்டு-ஸ்வரம்-கார்டு என்ற வரிசையைக் கைவிட்டு, ஸ்வரம்-ஸ்வரம்-கார்டு, ஸ்வரம்-ஸ்வரம்-கார்டு, ஸ்வரம்-கார்டு என்று போகிறது. இரண்டு பார்களின் எட்டு அடிகள் மூன்று, மூன்று, இரண்டு என்று உடைகின்றன. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையில் போட்டுக்கொண்டு கேட்பவருக்கு, கார்டு விழ வேண்டிய இடத்தில் ஸ்வரமும் ஸ்வரம் விழ வேண்டிய இடத்தில் கார்டும் விழுந்து, கடைசி இரண்டு அட்சரங்களில் கணக்கு நேராவது தெரியும். இங்கே தாளம் தள்ளி விழுவது மேலே உள்ள மெட்டில் நிகழவில்லை. எதன்மேல் மெட்டு நிற்கிறதோ அந்தத் தளத்திலேயே நிகழ்கிறது. கேட்பவரின் கால் எதை நம்பித் தட்டுகிறதோ அதுவே இடம் மாறுகிறது. இருந்தும் காலப்பிரமாணம் ஒரு மயிரிழைகூட அசைவதில்லை. ஸ்ட்ரைட்டின் பெரும்பாலான இடக்கை உத்திகளை இந்த ஒரே சிந்தனையின் கிளைகளாகக் காணலாம். பத்துக் கட்டைப் பிடியை ஒரே சமயத்தில் அடிக்காமல் மேல் ஸ்வரத்தை முதலில் தொட்டுக் கீழ் ஸ்வரத்தைப் பின்னால் விழவைப்பது, தாவலை நிறுத்திவிட்டு அதே பிடிகளால் படிப்படியாக ஏறி இறங்குவது, இடையில் கட்டைவிரலால் ஒரு தனி மெட்டை நுழைப்பது எல்லாமே, இடக்கை சொல்வதைக் கேட்கும் ஆளாக இருப்பதை விட்டுத் தானும் பேசத் தொடங்கியதன் அடையாளங்கள்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது? ஜான்சன் 1894இல் நியூஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். 1908இல் குடும்பம் மன்ஹாட்டனின் சான் ஹுவான் ஹில் பகுதிக்கு வந்தது. ஹார்லெம் கறுப்பினத்தவரின் தலைநகராக ஆவதற்கு முன் அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. அங்கே 62ஆம் தெருவில் இருந்த ஜங்கிள்ஸ் கேசினோ என்ற நடனக்கூடத்தில் 1913 வாக்கில் அவர் வாசித்தார். நடனப் பள்ளி என்ற பெயரில் உரிமம் பெற்று நடந்த அந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தென் கரோலைனா, ஜார்ஜியா கடற்கரையோரத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கல்லா மக்கள். ஊரில் ஆடிய ஆட்டங்களையே அவர்கள் இங்கேயும் ஆட விரும்பினார்கள். அவர்களது ஆட்டத்துக்கு ஏற்றபடி அந்த நாட்களில் எட்டு சார்ல்ஸ்டன் மெட்டுகளை அமைத்ததாகவும், அவற்றில் ஒன்றே 1923இல் 'ரன்னின் வைல்ட்' நாடகத்தின் வழியாக உலகம் முழுவதும் பரவியதாகவும் ஜான்சன் 1950களில் டாம் டேவினிடம் அளித்த நீண்ட பேட்டியில் சொல்கிறார். 'கரோலைனா ஷவுட்' அதே ஆட்டக்காரர்களுக்காகப் பிறந்தது. அதன் பெயரில் உள்ள ஷவுட், அடிமைக் காலத்திலிருந்து வந்த வழிபாட்டு வட்ட ஆட்டத்தைக் குறிக்கிறது: பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்து நகர்வது, கைதட்டல் ஒரு கணக்கிலும் கால் இன்னொரு கணக்கிலும் போவது, தலைவர் பாட மற்றவர்கள் எதிர்ப்பாட்டு எடுப்பது. உருப்படியின் பிற்பகுதியில் பியானோவின் மேல்புறமும் கீழ்புறமும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பதில் சொல்வதும், முதல் பகுதியில் இடக்கை மூன்று-மூன்று-இரண்டாக உடைவதும் அந்த ஆட்டத்தின் உடலசைவைக் கட்டைகளுக்குக் கொண்டுவந்தவை. ஜாப்ளினின் அச்சுப் பிரதிகளைவிட அந்த நடனத்தளம்தான் இடக்கையின் விடுதலைக்கு நெருக்கமான காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஸ்ட்ரைட் கலைஞர்களின் கைவண்ணம் ஐரோப்பியக் கச்சேரிப் பியானோவின் வாரிசல்லவா? மறுக்க முடியாது. ஜான்சன் புரூட்டோ ஜியானினி என்ற இத்தாலிய ஆசிரியரிடம் நான்கு ஆண்டுகள் விரலமைப்பும் இசையிலக்கணமும் கற்றவர். நியூயார்க்கின் கேட்போர் நல்ல கச்சேரிப் பியானோவைக் கேட்டுப் பழகியவர்கள் என்பதால் மற்ற ஊர்க்காரர்களைவிடத் தங்கள் தரம் உயர்ந்திருக்க வேண்டியிருந்தது என்று அவரே விளக்கியிருக்கிறார். லிஸ்ட்டின் 'ரிகோலெட்டோ' கச்சேரி உருப்படியை ஒரு நடன உருப்படிக்கு முன்னுரையாக வாசித்ததையும் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரைட் கலைஞர் டொனால்ட் லாம்பர்ட் 1941இல் கிரீகின் 'அனித்ராவின் நடன'த்தை ஸ்ட்ரைட்டாகப் பதிவு செய்தார். ஆனால் இந்தச் சான்றுகள் எதைக் காட்டுகின்றன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முழுமையான கார்டு, அகன்ற பிடி, தெளிவான தொடுகை, இரு கைகளின் சுதந்திரம் ஆகியவற்றை ஐரோப்பியப் பயிற்சி தந்தது. மூன்று-மூன்று-இரண்டை அது தரவில்லை. ஒரு கச்சேரிக் கலைஞன் தன் இடக்கையின் ஆற்றலை ஒலிக்கட்டுக்கும் உணர்ச்சிக்கும் செலவிட்டான். ஹார்லெம் கலைஞன் அதே ஆற்றலைத் தாளத்துக்குச் செலவிட்டான். கருவி ஓரிடத்திலிருந்தும் நோக்கம் இன்னோரிடத்திலிருந்தும் வந்தன என்பதே இரண்டு வகைச் சான்றுகளோடும் ஒத்துப்போகும் முடிவு. கிழக்குக் கடற்கரையின் மூத்த கலைஞர்களிடமும் இந்தக் கலப்பைக் காணலாம். பிலடெல்பியாவில் பிறந்த லக்கி ராபர்ட்ஸின் 'ஜங்க் மேன் ராக்' 1913இல் அச்சானது. பால்டிமோரின் யூபி பிளேக் தன் 'சார்ல்ஸ்டன் ரா'கை 1899இலேயே அமைத்ததாகச் சொல்லிவந்தார். நம் கைக்குக் கிடைக்கும் பழைய சான்று 1917ஆம் ஆண்டு ரோல். ஆண்டு எதுவானாலும் அதில் இடக்கை சும்மா நடக்கவில்லை, ஊர்ந்து ஏறிச் சீண்டுகிறது. எனவே ஸ்ட்ரைட் ஜாப்ளினின் மிசூரி ராக்டைமிலிருந்து பிறந்த பிள்ளை என்பதைவிட, அதற்குப் பக்கத்திலேயே கிழக்கில் தனியாக வளர்ந்த உறவு என்பதே பொருத்தம்.

நடனத்தளம் விதைத்ததை ஹார்லெமின் பொருளாதாரம் வளர்த்தது. முதல் உலகப் போரை ஒட்டித் தெற்கிலிருந்து பெருந்திரளாக மக்கள் வந்து குவிந்தபோது, வேறு பகுதிகளில் வீடு மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் ஹார்லெமில் வெள்ளையரைவிடக் கூடுதல் வாடகை கொடுத்தன. மாதக் கடைசியில் வாடகைக்குப் பணம் சேர்க்க வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே விருந்து வைத்து, வாசலில் சில்லறை வசூலித்து, சாப்பாடும் கள்ளச் சாராயமும் விற்பார். மதுவிலக்குச் சட்டம் 1920 முதல் 1933 வரை நடப்பில் இருந்த காலம் அது. அந்தச் சிறிய கூடத்துக்குள் வாத்தியக் குழுவை நிறுத்த இடமுமில்லை, காசுமில்லை. சுவரோரம் ஒரு பியானோ இருந்தது. நூறு கால்கள் தரையில் தேயும் சத்தத்துக்கு மேலே தாளம் கேட்க வேண்டுமென்றால் இடக்கை கனமாக விழுந்தாக வேண்டும். விடியும்வரை அதே கூட்டம் ஆட வேண்டுமென்றால் அந்த இடக்கை அலுப்புத் தட்டாமல் மாறிக்கொண்டும் இருந்தாக வேண்டும். பியானோக்காரர் ஒருவர் மட்டும் வருவதில்லை. இரண்டு மூன்று பேர் வந்து, ஒருவர் எழுந்தவுடன் இன்னொருவர் உட்கார்ந்து போட்டி போடுவார்கள். வில்லி 'தி லயன்' ஸ்மித் டெர்பி தொப்பியும் சுருட்டுமாக நுழைவதும், மேலங்கியின் பகட்டான உட்புறம் தெரியும்படி மடித்துப் பியானோமேல் வைப்பதும், தனக்கே உரிய ஒரு கார்டை அடித்து வந்திருப்பது யாரென்று அறிவிப்பதும் அந்தப் போட்டியின் மரபுகள். எதிராளியின் இடக்கை தளர்கிறதா என்பதுதான் எல்லோரும் கவனித்த விஷயம். வலக்கையின் ஜாலத்தை யாரும் கொஞ்ச நேரம் செய்துகாட்ட முடியும். இரவு முழுவதும் தாங்கும் இடக்கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 'கரோலைனா ஷவுட்' இந்த வட்டாரத்தில் ஒரு தேர்வுத்தாளாகவே ஆனது. அதை வாசிக்கத் தெரியாதவர் பியானோ முன் உட்கார முடியாது.

அந்தத் தேர்வுக்குப் பலர் படித்தது பியானோ ரோலிலிருந்து. துளையிட்ட காகிதச் சுருள் ஓட, தானியங்கிப் பியானோவின் கட்டைகள் தாமே இறங்கி எழும். வாஷிங்டனில் இளைஞனாக இருந்த எலிங்டன் சுருளின் வேகத்தைக் குறைத்து, இறங்கும் கட்டைகளின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தே 'கரோலைனா ஷவு'ட்டைக் கற்றார். 1921இல் ஜான்சன் அந்த ஊருக்கு வந்தபோது அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டினார். 1904இல் ஹார்லெமில் பிறந்த ஃபேட்ஸ் வாலரும் முதலில் இப்படிக் கற்று, பிறகு நேரடியாக ஜான்சனின் மாணவரானார். ரோலைக் கையால் தொட்டுப் படித்தவர்களுக்கு இடக்கையின் ஒவ்வொரு தாவலும் உடலில் பதிந்தது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் நம்பியது இசைத்தட்டை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1921இல் ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கொம்புக்குள் புகும் ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. அந்த முறையில் மிகவும் நலிந்து பதிவானவை கீழ் ஸ்தாயி ஒலிகள். பியானோவில் அவை முழுக்க இடக்கையின் ஆட்சிப்பகுதி. 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் தாங்கும் என்பதால், நடனத்தளத்தில் நீண்டு மாறிக்கொண்டே போனதும் வெட்டுப்பட்டது. ரோல்கள் ஸ்வரங்களை முழுமையாகக் காத்தாலும், கனம் எவ்வளவு, தொடுகை எப்படி என்பதைப் பொதுவாகக் காப்பதில்லை. காகிதத்தில் பின்னால் கூடுதல் துளைகள் போட்டு மூன்றாவது கையின் ஒலியைக் கூட்டுவதும் உண்டு. ஆக, இந்தக் கலையின் உச்சகாலத்துச் சான்றுகளில் ஒருவகை இடக்கையை விழுங்கிவிட்டது, இன்னொரு வகை அதன் உயிரை எடுத்துவிட்டது. மின்முறைப் பதிவு 1925க்குப் பிறகு பரவியது. வாலர் 1929 மார்ச்சில் பதிவு செய்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' கேட்டால் அதன் விளைவு உடனே தெரியும்: கீழ் ஸ்வரங்கள் உருண்டையாக, கார்டுகள் கூர்மையாக, இடையில் ஏறி இறங்கும் பத்துக் கட்டைப் பிடிகள் தனிக் குரலாகக் கேட்கின்றன. அதே வாலர் 1941இல் 'கரோலைனா ஷவு'ட்டைப் பதிவு செய்தார். ஜான்சனின் 1921 தட்டையும் வாலரின் இந்தத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், முதலாவதில் யூகித்துக்கொள்ள வேண்டியிருந்த மூன்று-மூன்று-இரண்டு இரண்டாவதில் முன்னால் வந்து நிற்பதைக் காணலாம்.

இன்னொரு மறுப்பு மனோதர்மத்தைப் பற்றியது. ஜாஸின் உயிர் அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனையில் இருக்கிறதென்றால், பகுதி பகுதியாக முன்கூட்டியே அமைத்து மனப்பாடமாக வாசித்த ஸ்ட்ரைட் உருப்படிகளை ஜாஸ் என்று சொல்லலாமா? ஒரே உருப்படியின் பல பதிவுகளை ஒப்பிட்டால் இந்தக் கேள்வியின் கூர்மை மழுங்கும். ஜான்சனின் 1918 ரோல், 1921 ரோல், 1921 தட்டு, 1944இல் டெக்கா நிறுவனத்துக்காக அவர் மறுபடி பதிவு செய்தது ஆகியவற்றில் பகுதிகளின் அடையாளம் மாறாதிருக்க, உள்விவரம் மாறிக்கொண்டே போகிறது. உருப்படி என்பது இங்கே சட்டகம். அந்தச் சட்டகத்தை எல்லோரும் அறிந்திருந்ததால்தான் ஒருவர் எங்கே விலகினார் என்பதை அறையில் இருந்த அனைவரும் உணர முடிந்தது. மெட்டைக் கைவிட்டுப் புதிய மெட்டைக் கட்டுவது மட்டுமே கற்பனை என்று வரையறுத்தால் ஸ்ட்ரைட் பின்தங்கியதாகத் தோன்றும். ஊதுகருவித் தனியாவர்த்தனத்தை அளவுகோலாக வைத்த வரையறை அது. தெரிந்த வடிவத்துக்குள் தாளத்தையும் கனத்தையும் இடத்துக்கு இடம் புதிதாக்குவதும் கற்பனைதான் என்று ஏற்றால், அதைப் பெருமளவில் செய்தது இடக்கை என்பது தெரியவரும்.

எல்லாம் வெறும் வித்தைதானே என்பது பழைய குறை. போட்டி, தொப்பி, சுருட்டு, வேகம் இவற்றையெல்லாம் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. வாலர் தன் பாட்டுகளில் செய்த கேலியும் அந்த எண்ணத்தை வளர்த்தது. ஆனால் வில்லி ஸ்மித் 1939இல் பதிவு செய்த 'எக்கோஸ் ஆஃப் ஸ்ப்ரிங்' உருப்படியில் தாவலே பெரும்பாலும் இல்லை. இடக்கை உடைந்த கார்டுகளை அலைபோல ஓயாமல் சுருட்டிக்கொண்டே போக, மேலே மெல்லிய மெட்டு மிதக்கிறது. வேகத்தை எடுத்துவிட்டால் எது எஞ்சுகிறது என்று கேட்டால், சுயமாக இயங்கும் இடக்கை எஞ்சுகிறது. சிகாகோவில் மேரி லூ வில்லியம்ஸ் 1930இல் தனிப் பியானோவில் பதிவு செய்த 'நைட் லைஃப்' வேறு திசையிலிருந்து இதையே காட்டுகிறது: ஹார்லெமின் வாடகை விருந்துகளில் வளராத ஒரு பெண், அந்த இடக்கையை முழுவீச்சில் கையாண்டார். சடங்கும் ஊரும் உடன் வராமலே பயணம் செய்ய முடிந்த ஒன்றை வித்தை என்று ஒதுக்க முடியாது. அதற்கு இலக்கணம் இருந்தது, கற்கவும் முடிந்தது. டேட்டம் 1933இல் பதிவு செய்த 'டைகர் ராக்' இந்த இலக்கணத்தின் எல்லையைத் தொட்டது. 1932இல் நியூயார்க் வந்த அவரிடம் ஜான்சன், வாலர், ஸ்மித் மூவரும் ஓர் இரவுப் போட்டியில் தோற்றார்கள் என்பது ஜாஸ் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. தோற்கடித்தவரின் ஆயுதமும் அவர்களுடையதுதான்.

மிகக் கடினமான மறுப்பு காலத்தைப் பற்றியது. 1930களின் நடுவிலேயே பெரிய வாத்தியக் குழுக்கள் பெருகி, பேஸும் டிரம்மும் கிட்டாரும் தாளத்தை எடுத்துக்கொண்டன. பியானோவின் இடக்கைக்கு அந்த வேலை இல்லாமல் போனது. அப்படியென்றால் அது ஒரு தற்காலிக ஏற்பாடு, தேவை தீர்ந்ததும் மறைந்தது என்று கொள்ளலாமா? பேஸியின் உதாரணம் இதற்குப் பதில் சொல்கிறது. லிங்கன் தியேட்டரில் வாலரிடம் ஆர்கன் கற்ற பேஸி, இளமையில் முழு ஸ்ட்ரைட் வாசித்தவர். 1937க்குள் அவர் குழுவில் வால்டர் பேஜின் பேஸ், ஃபிரெட்டி கிரீனின் கிட்டார், ஜோ ஜோன்ஸின் டிரம் என்ற தாளப்பிரிவு அமைந்தபோது, அவரது இடக்கை ஏறக்குறைய மௌனமானது. அந்த மௌனத்தின் பொருளை யோசிக்க வேண்டும். நான்கு அடியும் சமமாக உருளும் அந்தப் புகழ்பெற்ற ஓட்டம், ஸ்ட்ரைட் இடக்கை தனியாகச் செய்துகொண்டிருந்ததன் பங்கீடு: கீழ் ஸ்வரம் பேஸுக்கும், நடுக் கார்டு கிட்டாருக்கும், தள்ளி விழும் சீண்டல் டிரம்முக்கும் போயின. ராக்டைமின் இரண்டு அடி நடையிலிருந்து இந்தப் பங்கீட்டுக்கு நேரடியாக வந்திருக்க முடியாது. தெலோனியஸ் மங்க் எதிர்த்திசையிலிருந்து வருகிறார். ஜான்சன் வாசித்துத் திரிந்த அதே சான் ஹுவான் ஹில்லில், 63ஆம் தெருவில் வளர்ந்தவர் அவர். நவீன ஜாஸின் மிகத் துணிச்சலான பியானோக் கலைஞரான அவர், தனியாக வாசிக்கும்போதெல்லாம் ஸ்ட்ரைட்டுக்குத் திரும்பினார். 1965இல் வெளிவந்த 'சோலோ மங்க்' இசைத்தட்டு 'டைனா' என்ற பழைய பாட்டின் ஸ்ட்ரைட் வாசிப்போடுதான் தொடங்குகிறது. அதில் பழமை விரும்பியின் ஏக்கம் இல்லை. கீழ் ஸ்வரத்தைச் சற்றே தாமதமாக விழவிடுவது, எதிர்பார்த்த கார்டுக்குப் பதிலாக இடைவெளி விடுவது என்று, இடக்கை வாதாடலாம் என்ற பழைய அனுமதியை அவர் இன்னும் தூரம் கொண்டுபோனார்.

ஜான்சனின் சொந்தக் கனவு வேறாக இருந்தது என்று சிலர் சுட்டலாம். அவர் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதிய 'யமக்ரா' 1928இல் கார்னகி ஹாலில் அரங்கேறியது. நாடகக் குழுவை நடத்திக்கொண்டிருந்த அவரால் வர முடியாததால் பியானோவில் வாலர் அமர்ந்தார். 1932இல் 'ஹார்லெம் சிம்பொனி', பிறகு லாங்ஸ்டன் ஹியூஸுடன் ஓர் ஓபரா என்று அவர் தொடர்ந்தார். ஆதரவு போதிய அளவு கிடைக்கவில்லை. 1955இல் இறந்தபின் அவரது கல்லறைக்குப் பெயர்க்கல் 2009 வரை வைக்கப்படவில்லை. ஸ்ட்ரைட்டைப் படைத்தவரே அதைத் தாண்டிப்போக விரும்பினார் என்பதால் அதன் மதிப்புக் குறைகிறதா? அவரது பெரிய உருப்படிகளின் கதை சொல்வது வேறு. ஜார்ஜியா கடலோரக் கறுப்பினக் குடியிருப்பின் பெயரைத் தாங்கிய 'யமக்ரா'வும், கல்லா ஆட்டக்காரர்களுக்குப் பிறந்த 'கரோலைனா ஷவு'ட்டும் ஒரே ஊற்றிலிருந்து எடுத்தவை. அவர் ஒன்றைக் கீழென்றும் மற்றதை மேலென்றும் வைக்கவில்லை. அந்த வரிசையை வைத்தவை அவருக்குக் கதவைத் திறக்காத நிறுவனங்கள்.

இந்த வாதம் சரியென்றால் ஜாஸ் வரலாற்றை எழுதும் முறையிலும் ஒரு திருத்தம் தேவைப்படும். அந்த வரலாறு இதுவரை பெரும்பாலும் மெட்டின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது: யார் எந்தத் தனியாவர்த்தனத்தைப் புதிதாகக் கட்டினார், யார் யாரிடமிருந்து எந்த வரியை எடுத்தார் என்பதே அதன் முதுகெலும்பு. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அதற்கு வசதியானவை. பழைய தட்டுகளிலும் அவை தெளிவாகக் கேட்கும். தாளத்தின் வரலாற்றை எழுத, தட்டில் மங்கலாகக் கேட்பதைச் சுருளோடும் பேட்டிகளோடும் நடனத்தோடும் ஒத்துப்பார்த்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி மீட்டால் 1910களின் சான் ஹுவான் ஹில்லிலும் 1920களின் ஹார்லெமிலும் நடந்தது ஓர் இடைக்கால ஏற்பாடாகத் தோன்றாது. ஓர் இசைக்குழுவின் தாளப்பிரிவு முழுவதும் என்ன செய்ய வேண்டும் என்பதை, அந்தத் தாளப்பிரிவு உருவாவதற்கு முன்பே ஒரு கை கண்டுபிடித்து, சோதித்து, தேர்வு வைத்து நிலைப்படுத்தியிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கண்டுபிடிப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கண்டுபிடித்தவர்களின் பங்கு அதனால் குறைந்துவிடாது.